ஏழாம் படுக்கையின் காலித் தட்டு

உங்கள் புது நர்ஸ் யூனிபார்மில் கஞ்சி மொடமொடப்பு இன்னும் போகவில்லை. அதனால் இதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. திருச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில்தான் என் சர்வீஸ் முழுவதும். கடைசிப் பத்து வருஷம் பெண்கள் வார்டின் இன்சார்ஜ். எதிரே நின்றால் 'சிஸ்டர்' என்பார்கள். முதுகுக்குப் பின்னால் எனக்கு 'சி.ஐ.டி. சிஸ்டர்' என்று பெயர். அது எனக்குத் தெரியாது என்று ரிட்டயர்மென்ட் வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தார்கள், பாவம்.

பெயர் சும்மா வரவில்லை. தலையணை உறைக்குள் கை விட்டுப் பார்ப்பேன். குப்பைத்தொட்டியைக் கிளறுவேன். விழுங்கியதாகச் சொன்ன மாத்திரை எத்தனையை நான் ஜன்னல் விளிம்பிலிருந்து பொறுக்கியிருக்கிறேன் தெரியுமா? உப்பே ஆகாது என்று டாக்டர் சொன்ன அம்மாவுக்கு, பூ வைத்துக்கொண்டு வந்த மருமகள் கைப்பையில் நாரத்தங்காய் ஊறுகாய் இருந்தது. சிரித்துக்கொண்டே வருபவர்களைத்தான் நான் முதலில் சோதிப்பேன். நோயாளி கொஞ்சம் பொய் சொல்வார், கூட இருப்பவர் நிறையப் பொய் சொல்வார் என்பது என் கணக்கு. இன்றைக்கும் அதில் பெரிய மாற்றமில்லை. யாரை விட்டுவிட்டேன் என்பதுதான் கதை.

முதல் வருஷத்தில் உங்களுக்கு நடத்தியிருப்பார்கள்: நோயைப் பார்க்காதே, முழு மனிதரைப் பார். உடல், மனம், குடும்பம், ஆன்மிகம் என்று நான்கு கட்டம் போட்டுப் படம் வரைந்திருப்பீர்கள். நானும் வரைந்தேன். நல்ல மார்க் வாங்கினேன். அட்மிஷன் தாளிலும் அதே நான்கு கட்டம் இருக்கும். 'ஆன்மிகத் தேவைகள்' என்ற கடைசிக் கட்டத்தில் என்ன எழுதுகிறோம்? இந்து, தேவை ஒன்றுமில்லை. முஸ்லிம், தேவை ஒன்றுமில்லை. கிறிஸ்தவர், தேவை ஒன்றுமில்லை. தேவை இருக்கிறதா என்று கேட்டால்தானே இருக்கும்.

ஒரு மார்கழியில் ஏழாம் படுக்கைக்கு ஸ்ரீரங்கத்திலிருந்து வேதவல்லி மாமி வந்தார். எழுபது வயது, ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். சர்க்கரை வியாதி, காலில் ஆறாத புண். மூன்று வாரமாவது படுக்கவேண்டும், காலையும் மாலையும் இன்சுலின். மகன் வேலை முடிந்து சாயங்காலம்தான் வருவார். நான் அட்மிஷன் தாளை நிரப்பிக்கொண்டிருந்தபோது மாமி தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஏம்மா, வெங்காயம் பூண்டு போடாம ஏதாவது கிடைக்குமா? அப்புறம் இன்னொண்ணு, நாள் கிழமைன்னு வந்தா..."

எனக்கு அன்றைக்கு ஐந்து அட்மிஷன். "மாமி, இது ஆஸ்பத்திரி, கோயில் இல்ல. குடுக்கறதச் சாப்பிடணும், சரியா?" என்றேன். குரலில் சிரிப்பு இருந்தது, அதனால் கடுமை இல்லை என்று நினைத்துக்கொண்டேன். மாமி வாயை மூடிக்கொண்டார். நான் கடைசிக் கட்டத்தில் எழுதினேன்: 'இந்து. தேவை ஒன்றுமில்லை.'

பக்கத்து எட்டாம் படுக்கையில் பக்கவாதம் வந்த ஒரு அம்மா. பேச்சில்லை, மூக்குக் குழாய் வழியாகத்தான் ஆகாரம். துணைக்கு மகள் ஷம்ஷாத். மலைக்கோட்டைக்குக் கீழே சந்துக்குள் வீடு, புருஷன் துபாயில். ராத்திரி பகலாக அம்மா பக்கத்திலேயே இருந்தாள். குழாயில் ஊற்றுகிற நேரம் வந்தால் நர்சுக்கு முன்னால் அவள் தயாராக நிற்பாள். எனக்கு அதுவே ஒரு மாதிரி இருந்தது. இவ்வளவு அக்கறை எதற்கு என்று யோசிக்கிற புத்தி என்னுடையது.

மாமி வந்த நான்காம் நாள் காலை பதினோரு மணிக்கு அவருக்கு வியர்த்துக் கொட்டியது. என்னென்னவோ உளறினார். சர்க்கரை நாற்பத்தெட்டுக்கு இறங்கியிருந்தது. குளுக்கோஸ் ஏற்றி மீட்டோம். டாக்டர் சார்ட்டைப் பார்த்தார். காலை உணவு: முழுவதும் சாப்பிட்டார், டிக். சாப்பிட்டிருக்கிறார், அளவான இன்சுலின்தான் போயிருக்கிறது, பிறகு ஏன்?

ஊசி போட்ட ஸ்டெல்லாவைத்தான் முதலில் பிடித்தேன். சேர்ந்து ஆறு மாசம்கூட ஆகாத பெண். "எத்தனை யூனிட் போட்டே? உண்மையைச் சொல்லு" என்று சிரிஞ்சைக் குப்பையிலிருந்து எடுத்துவந்து மேஜைமேல் வைத்து விசாரணை நடத்தினேன். அழுதுவிட்டாள். அளவு சரியாகத்தான் இருந்தது. அப்புறம் சாப்பாட்டு வண்டி தள்ளுகிறவரைக் கேட்டேன்.

"தட்டு காலியாத்தான் வந்துச்சு சிஸ்டர். எட்டாம் நம்பர் பொண்ணுதான் கழுவியே குடுத்துச்சு."

எட்டாம் நம்பருக்குத் தட்டே கிடையாது. அந்தப் பெண் எதற்கு ஏழாம் நம்பர் தட்டைக் கழுவவேண்டும்? நான் சும்மா போவதுபோல் எட்டாம் படுக்கைப் பக்கம் போனேன். ஷம்ஷாத்தின் துப்பட்டா ஓரத்தில் தேங்காய்ச் சட்னிக் கறை. ஆகா, பிடித்தாயிற்று என்று எனக்குள் ஒரு குஷி. அந்தக் குஷி இருக்கிறதே, அதைப்பற்றி எந்தப் புத்தகத்திலும் எழுதவில்லை. சந்தேகம் சரியாக வருவதுபோல் தெரிந்தால் உடம்பெல்லாம் இனிக்கும். அப்போது மூளை நின்றுவிடும்.

மறுநாளிலிருந்து காலை எட்டு மணிக்கு எங்கே இருந்தாலும் என் ஒரு கண் ஏழாம் படுக்கையில்தான். மாமி சாம்பாரை ஒதுக்கிவிட்டு, சட்னியைத் தொட்டுக்கொண்டு இட்லியை அவரேதான் சாப்பிட்டார். அடுத்த நாளும் அப்படியே. பத்து நாளுக்கு மேல் ஒன்றுமே நடக்கவில்லை. சர்க்கரையும் ஒழுங்காக இருந்தது. சாதாரண மனுஷி என்றால் 'நம் சந்தேகம் தப்பு' என்று விட்டிருப்பாள். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? 'பழகின கை. உஷாராயிட்டா.'

பிறகு வைகுண்ட ஏகாதசி வந்தது. திருச்சிக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, அன்றைக்கு ஊருக்கே விடுமுறை. கே.கே. நகரிலிருந்து பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு வந்தேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் கால் வைக்க இடமில்லை. எல்லாரும் ஸ்ரீரங்கத்துக்குச் சொர்க்கவாசல் பார்க்கப் போகிறவர்கள். 'இன்னிக்குன்னு பார்த்து எனக்கு டூட்டி' என்று திட்டிக்கொண்டே வார்டுக்குள் நுழைந்தேன். என்ன நாள் என்று அவ்வளவு நன்றாகத் தெரியும். ஏழாம் படுக்கையில் இருப்பவர் எந்த ஊர்க்காரர் என்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரியவில்லை.

"சிஸ்டர், அந்த டி.வி.யைக் கொஞ்சம் போடச் சொல்றேளா? பரமபத வாசல் திறந்து, பெருமாள் இப்போ ஆயிரங்கால் மண்டபத்துல எழுந்தருளியிருப்பர். பொறந்ததுலேர்ந்து ஒரு வருஷம்கூட நான் சேவிக்காம இருந்ததில்லை."

"ரவுண்ட்ஸ் முடியட்டும் மாமி, பாக்கலாம்."

ஏழரைக்கு ஸ்டெல்லா இன்சுலின் போட்டாள். எட்டு மணிக்கு வண்டி வந்தது. நான் நர்சிங் ஸ்டேஷனில் உட்கார்ந்து சார்ட்டுகளை வரிசையாக எடுத்து டிக் போட்டேன். காலை உணவு, டிக். குழாய் ஆகாரம் பத்து மணி, டிக். இதை நீங்களும் செய்வீர்கள், இல்லை என்று என்னிடம் சொல்லாதீர்கள். எப்படியும் கொடுக்கத்தானே போகிறோம், வேலை நெருக்கும்போது எழுத நேரமிருக்காது என்று முன்கூட்டியே மொத்தமாகப் போட்டுவைப்பது. எங்கள் தலைமுறை கண்டுபிடித்த குறுக்குவழி. உங்களுக்கும் யாராவது கற்றுக்கொடுத்திருப்பார்கள்.

நிமிர்ந்து பார்த்தால் ஏழாம் படுக்கைக்குத் திரை இழுத்துவிட்டிருந்தது. குளிப்பாட்டும் நேரமும் இல்லை, கட்டுப் பிரிக்கும் நேரமும் இல்லை. செருப்புச் சத்தம் கேட்காமல் போய்ச் சடாரென்று திரையை விலக்கினேன்.

மாமி ஷம்ஷாத்தின் செல்போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, அதில் பெருமாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஷம்ஷாத் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று அவசர அவசரமாக மாமியின் இட்லியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வாய் நிறைய இட்லி, கையில் மாமியின் தட்டு.

"செல்போனக் கையில குடுத்து ஏமாத்திட்டு நோயாளி சாப்பாட்டத் திங்கறியா? வெக்கமா இல்ல?" நான் போட்ட சத்தத்தில் பன்னிரண்டு படுக்கையும் திரும்பியது. பார்வையாளர்கள் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்கள்.

"சிஸ்டர், ஒரு நிமிஷம், நான் சொல்றதக் கேளுங்க. பையில பாலு..."

"பையத் தொடாதே! அதையும் செக் பண்ணணும்."

"நான்தான்மா குடுத்தேன்" என்றார் மாமி. குரல் நடுங்கியது. "அவளை ஒண்ணும் சொல்லாதேம்மா."

பயந்துபோய்ச் சொல்கிறார் என்று நான் முடிவுகட்டினேன். நோயாளிகள் அப்படித்தானே, கூட இருப்பவர்களைக் காட்டிக்கொடுக்க மாட்டார்கள். "நீங்க பயப்படாதீங்க மாமி. வேற தட்டு வரும், நல்லாச் சாப்பிடுங்க" என்று தோளைத் தட்டினேன். ஷம்ஷாத்தின் துணையாள் பாஸைப் பிடுங்கினேன். செல்போனை மாமி கையிலிருந்து வாங்கி அவளிடமே திணித்து, வாட்ச்மேனைக் கூப்பிட்டுக் கீழே அனுப்பினேன். போகும்போது அவள் அம்மாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். "அவ திரும்ப வந்தா, அவ கையால யாருக்கும் எதையும் குடுக்க விடாதே. என்னைக் கேட்டுத்தான் எல்லாம்" என்று ஸ்டெல்லாவுக்கு உத்தரவு போட்டேன்.

புதுத் தட்டு வந்தது. "வெச்சுட்டுப் போங்கோ, சாப்டுக்கறேன்" என்றார் மாமி. வைத்துவிட்டு வந்தார்கள். நான் எங்கே இருந்தேன்? மேஜையில் உட்கார்ந்து புகார் எழுதிக்கொண்டிருந்தேன். எட்டாம் எண் நோயாளியின் துணையாள், ஏழாம் எண் நோயாளியின் உணவைத் தொடர்ந்து திருடிச் சாப்பிட்டுவந்ததாகவும், அதனால் நோயாளியின் உயிருக்கு ஆபத்து நேர இருந்ததாகவும். ஒன்றரைப் பக்கம். அடித்தல் திருத்தல் வந்தது என்று இரண்டாம் தரம் சுத்தமாக எழுதி, நர்சிங் சூப்பரின்டென்டென்ட் மேடத்துக்குக் கொடுத்தனுப்பினேன். எழுந்து பத்தடி நடந்து மாமியைப் பார்க்கவில்லை.

பத்தரை மணிக்குப் படிக்கட்டில் தடதடவென்று சத்தம். ஷம்ஷாத் வாட்ச்மேனை மீறி ஓடிவந்தாள். மூச்சு வாங்கியது.

"மாமிக்குப் பாலு குடுத்தீங்களா சிஸ்டர்?"

"உன்னை யாரு உள்ள விட்டது?"

"ஐயோ, பாலு குடுத்தீங்களா இல்லையா? அவங்களுக்கு இன்னிக்கு ஏகாதசி விரதம்! ஒரு பருக்க சோறு தொட மாட்டாங்க! ஊசி போட்டுட்டாங்களே!"

ஓடினேன். மாமி தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. ரவிக்கை நனைந்து ஒட்டியிருந்தது. கூப்பிட்டேன், பதில் இல்லை. சர்க்கரை முப்பத்துநாலு. அதற்கப்புறம் செய்தது உங்களுக்கே தெரியும், கை தானாகச் செய்யும். கட்டில் பக்கத்து அலமாரியைத் திறந்தபோது புது இட்லி நாலும் செய்தித்தாளில் பத்திரமாக மடித்து வைத்திருந்தது. எட்டாம் படுக்கைக்குக் கீழே, தொடாதே என்று நான் அதட்டிய அந்தப் பையை ஸ்டெல்லா திறந்தாள். ஒரு ஃபிளாஸ்க் நிறையச் சூடான பசும்பால், நாலு வாழைப்பழம்.

மாமி கண் திறக்க எவ்வளவு நேரமானது என்று எனக்கு நினைவில்லை. எனக்கு அது ஒரு யுகம். திறந்தவுடன், "அந்தப் பொண்ணு எங்கே?" என்றார். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். அவர் வந்த நான்காம் நாளும் ஏகாதசியாம்; அன்றைக்கு அவர்தான் ஷம்ஷாத்தைக் கெஞ்சிச் சாப்பிட வைத்தாராம். அன்னத்தைக் குப்பையில் போட அவருக்கு மனசு வராது. போட்டாலும் குப்பையை நான் கிளறுவேன் என்று வார்டுக்கே தெரியும். அன்றைக்கு மாமிக்கு மயக்கம் வந்ததும் ஷம்ஷாத் பயந்துவிட்டாள். இன்சுலின் என்றால் என்ன, சாப்பிடாவிட்டால் என்ன ஆகும் என்று ஸ்டெல்லாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். இந்தத் தடவை மாட்டேன் என்றாள். மாமி விடவில்லை. கடைசியில் ஒரு நிபந்தனை போட்டாள்: ஊசி போட்ட ஒரு மணிநேரத்துக்குள் பாலும் பழமும் என் கண்ணெதிரே சாப்பிடணும். ஏகாதசிக்குப் பாலும் பழமும் ஆகும். மாமி சம்மதித்தார்.

"எங்ககிட்ட ஏன் சொல்லல மாமி?"

"சொல்ல வந்தேனே. இது கோயில் இல்லேன்னு சொல்லிட்டேளே."

பால் நேரத்தை நினைவில் வைத்துக்கொண்டு, பழம் வாங்கி, பெருமாளைப் போனில் காட்டி, அந்த வார்டில் அன்றைக்கு மாமிக்கு நர்ஸ் வேலை பார்த்தது ஒரே ஒருத்தி. அவளை நான் வாட்ச்மேனை விட்டுத் துரத்தியிருக்கிறேன்.

அதற்குள் சூப்பரின்டென்டென்ட் மேடம் கூப்பிட்டனுப்பினார். அதிர்ந்து பேசாத மனுஷி. மேஜைமேல் இரண்டு தாள். ஒன்று என் புகார். இன்னொன்று மாமியின் சார்ட்.

"இதுல பேஷன்ட் சாப்பாட்ட இன்னொருத்தி திருடித் தின்னுட்டான்னு எழுதியிருக்கீங்க. இதுல பேஷன்ட் முழுசாச் சாப்பிட்டாங்கன்னு டிக் போட்டிருக்கீங்க. ஒரே நாள், ஒரே இட்லி, ரெண்டுலயும் உங்க கையெழுத்து. எது சிஸ்டர் பொய்?"

"ரெண்டுமே மேடம்" என்றேன்.

அவர் திட்டவில்லை. புகாரை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "எல்லாரையும் சந்தேகப்படுறீங்க. நல்லதுதான். உங்க பேனாவையும் சேத்துக்குங்க" என்றார்.

பின்னால் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அடுத்த ஏகாதசிக்கு முந்தின நாளே டாக்டரிடம் பேசி ஊசியின் அளவைக் குறைத்தோம். பால் எத்தனை மணிக்கு, பழம் எத்தனை மணிக்கு என்று மாமியே கணக்கு டீச்சர் பாணியில் அட்டவணை போட்டுக் கொடுத்தார். ஒன்றும் ஆகவில்லை. புண்ணும் ஆறி, மாமி நடந்தே வீட்டுக்குப் போனார். அட்மிஷன் தாளின் கடைசிக் கட்டத்தில் பழையதை அடித்துவிட்டு எழுதியது எட்டு வரி. கட்டம் போதாமல் ஓரத்தில் எழுதினேன். இவ்வளவுக்கும் அன்றைக்கு நான் ஒரு கேள்விதான் கேட்டேன்: "உங்களுக்கு எதை விடமுடியாது மாமி?" முழு மனிதர், முழு மனிதர் என்கிறார்களே, அந்தப் பெரிய வார்த்தைக்கு எனக்குத் தெரிந்த அர்த்தம் இந்த ஒரு கேள்விதான்.

ஆனால் அன்று மதியம் நடந்தது இன்னும் பாக்கியிருக்கிறது. மேடம் அறையிலிருந்து நேராக வார்டுக்கு வந்தேன். எல்லார் முன்னாலும் திட்டினேன், எல்லார் முன்னாலும்தான் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். வழியெல்லாம் வாக்கியம் தயார் பண்ணிக்கொண்டு வந்தேன். ஷம்ஷாத் அம்மாவின் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தாள்.

"ஷம்ஷாத், நான் உன்னைத் தப்பா நினைச்சுட்டேன். எல்லாருக்கும் கேக்கறமாதிரியே சொல்றேன், என்னை மன்னிச்சிடு."

"நோன்பு வெக்கிறவங்க மனசு எனக்குத் தெரியும் சிஸ்டர், அதான் செஞ்சேன். மன்னிப்பெல்லாம் அப்புறம் கேளுங்க" என்றாள். அவள் முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. "எங்கம்மாவுக்குப் பத்து மணி ஆகாரம் போகல. நான் கீழ நின்னேன். இந்த ஸ்டெல்லாப் பொண்ணு உங்களக் கேக்காம என்னைத் தொட விட மாட்டேங்குது. மத்த சிஸ்டருங்களும் மாமியப் பாக்க ஓடிட்டாங்க."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டே கால். "இதோ, இப்பவே" என்று திரும்பினேன்.

"இருங்க. மாமி சாப்பிட்டாங்கன்னு எழுதி வெச்சிருந்தீங்களாமே. எங்கம்மாவுக்கு என்ன எழுதியிருக்கீங்க? காட்டுங்க."

மற்ற நாளில் துணையாள் யாராவது சார்ட்டைக் கேட்டிருந்தால் அவர்களை நான் வாசல்வரை துரத்தியிருப்பேன். அன்றைக்கு எடுத்துவந்து கொடுத்தேன். கொடுக்கிறபோதே எனக்குத் தெரியும். அவள் விரலை வைத்து மெதுவாகப் படித்தாள். பத்து மணி, குழாய் ஆகாரம், இருநூறு மில்லி, கொடுக்கப்பட்டது. நீல மையில் டிக், பக்கத்தில் என் கையெழுத்து. கட்டிலில் அவள் அம்மா, பேச முடியாமல், பசியோடு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஷம்ஷாத் அந்த வரியை இரண்டு தரம் படித்தாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பதினைந்து நாளாக நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்த அதே பார்வை.

சிவப்புப் பேனாவை எடுத்து டிக்கை அடித்தேன். 'கொடுக்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதற்கப்புறம்தான் அவள் விலகி எனக்கு இடம் விட்டாள். நான் குழாயில் ஊற்றினேன். இருநூறு மில்லியும் இறங்கி முடியும்வரை அவள் என் கையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.